கோணேசரும் மாவிட்டபுரமும்

வணக்கம் ஐயா,
தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த தந்தை செல்வா (செல்வநாயகம்) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவர் கிறிஸ்தவர். திருகோணமலையின் திருக்கோணேஸ்வரம் போன்ற சைவத் தலங்களில் அவருக்கு மெய்யான அக்கறை இருந்திருக்குமா? வோட்டுக்காகச் சைவர்களோடு ஒட்டிக்கொண்டாரா? இன்றைய வேட்பாளர்கள் கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாறி மாறிப் படம் எடுத்துப் போடுவதைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.
ர., உப்புவெளி

அன்புள்ள ர.,

கடிதம் வந்தபோது நானும் 1968-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் போடுகிறவர்களை விடுங்கள். "ஒட்டிக்கொண்டாரா" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சைவர் நிறைந்த காங்கேசன்துறையில் 1952-ல் தோற்ற மனிதர் அவர். வோட்டுத்தான் குறி என்றால் அன்றைக்கே திருநீறு பூசியிருப்பார். பூசவில்லை. 1956-ல் அதே சனம் அவரைத் தெரிவுசெய்தது. வாசித்துவிட்டுக் கேளுங்கள், தம்பி.

கோணேஸ்வரத்துக்கு வருகிறேன். கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய, தமிழரசுக் கட்சியின் அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். ஒரு பிக்கு எதிர்த்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க நிறுத்திவிட்டார். 1968-ல் திருச்செல்வம் பதவியை விட்டார், பிறகு கட்சியும் அரசை விட்டு விலகியது. அக்கறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எனக்கு ஆறாத விஷயம் வேறு. அதே 1968-ல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சனம் உள்ளே விடச் சொல்லி நின்றது. அடி வாங்கியது. அது செல்வாவின் சொந்தத் தொகுதி. கோயில் கதவை மறிப்பது குற்றம் என்று 1957-லேயே சட்டம் வந்துவிட்டது. அவர் ஒதுங்கி நின்றார். கிறிஸ்தவர் சைவக் கோயில் வழக்கத்தில் தலையிடலாமா என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் கேட்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். கோணேசருக்காக அரசையே விடலாம், மாவிட்டபுரத்து வாசலில் ஒரு நாள் வந்து நிற்க மட்டும் மதம் தடையா? தன் விசுவாசத்தை யார் மேலும் திணிக்காத அவருடைய அடக்கத்தை நான் கும்பிடுகிறேன். அந்த அடக்கம் அடி வாங்கிய சனத்துக்கு என்ன செய்தது? அவர் பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். அவரைத் தவிர வேறு யார் சொல்லியும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புனிதப் பிரதேசம் நின்றுபோன செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மாவிட்டபுரம் பற்றி மாமா கதை எடுத்தபோது, "அது யாழ்ப்பாணத்தார் பிரச்சினை" என்று எழும்பிப் போனார். எங்கள் வளவில் தேங்காய் பறிக்க வருகிறவருக்கு அம்மா தேத்தண்ணியைச் சிரட்டையில்தான் ஊற்றுவாள். குடித்து முடித்ததும் அவரே அதைக் கழுவி, கிடுகு வேலியில் செருகிவிட்டுப் போவார். அடுத்த முறை வரும்வரை அது அங்கேயே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அப்பா கோணேசர் மலைக்கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காய், அவர் பறித்துப் போட்டதுதான்.