பெட்டிக்குள்ளேயே உதிரும் ஷூ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1988-இல் வந்த நைக்கியின் ஏர் ஜோர்டன் 3 கூடைப்பந்து ஷூ ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. யாரும் ஒருமுறைகூட அணியாததாம். வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வாங்கலாம். போடக் கூடாது. தோல் பளபளப்பாகத்தான் இருக்கும்; பிரச்சினை அதன் கீழே உள்ள மிட்சோலில், அதாவது மேற்பகுதிக்கும் தரையைத் தொடும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடுக்கில். அது பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். சிதைவில் பிறக்கும் அமிலம் அதை இன்னும் வேகப்படுத்தும். அணியாமல் வைத்திருந்தால் பத்திரம் என்பது தப்புக் கணக்கு. நாலு அடி நடந்தாலே குதிகால் பிளந்து கட்டி கட்டியாக உதிரும்.

மிட்சோலின் பக்கவாட்டைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயின்ட்டில் மயிரிழை விரிசலோ பிசுபிசுப்போ இருந்தால், அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான்.

போட்டே தீர வேண்டுமென்றால் ஸோல் மாற்றலாம். அதே அளவில் அண்மைக்கால மறுவெளியீடு ஒன்று வேண்டும், அதன் ஸோலைத்தான் பழைய ஷூவில் ஒட்டப் போகிறீர்கள் (1994 மறுவெளியீடு வேண்டாம், அதற்கும் வயதாகிவிட்டது). ஒட்டிய விளிம்பில் அசிட்டோன் விட்டு, பசை இளகியதும் இரண்டு ஜோடியின் ஸோலையும் பிரித்தெடுங்கள். அசிட்டோன் பெயின்ட்டில் பட்டால் அதுவும் கரையும். பழைய ஷூவின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும் நுரைத் தூளை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுங்கள். பெரும்பாலும் ஒட்டு விடுவது இந்தத் தூளால்தான். இரு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி, 24 மணி நேரம் கட்டி வையுங்கள். பிறகு விற்றால் ஸோல் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: போட்டு நடக்கக்கூடிய பழைய ஜோடி எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. 1985 ஏர் ஜோர்டன் 1-இன் ஸோல், ஓரம் தைத்த ரப்பர்க் கிண்ணம்; இப்படிப் பொடியாகாது. அதில் கணுக்கால் பட்டைதான் வெடித்துச் செதிலாக உரியும், அதைப் பார்த்து வாங்குங்கள். கூடைப்பந்து வீரர் வால்ட் ஃப்ரேசியருக்காக 1973-இல் வந்த பூமா க்ளைடும் ரப்பர் ஸோல்தான்.

கேள்வி: பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறையப் போடலாமா?

பதில்: அளவோடு. ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நின்றால் போதும். பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்றை வையுங்கள். ஈரப்பதம் 40-க்கும் கீழே ரொம்ப இறங்கினால் தோல் வெடிக்கும், பசை காய்ந்து விட்டுப்போகும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உள்ளே திணிக்க அமிலமில்லாத டிஷ்யூ தாள். செய்தித்தாள் மை ஒட்டும்.