பயிர் நோயியல் படிக்கலாமா?

வணக்கம் ஐயா,

தென்னை நோய்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். பி.எஸ்சி. வேளாண்மை கடைசி வருடத்தில் இருக்கிறேன். ஆனைமலை பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சில வருடங்களாக ஓலை மஞ்சளடித்து, கீற்றெல்லாம் துவண்டு, காய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஒருவர் சத்துக் குறைபாடு என்றார், இன்னொருவர் வெள்ளை ஈ என்றார். மருந்துக்கடையில் வேரில் கட்டச் சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள். எதிலும் பலனில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் பயிர் நோயியலில் முதுகலை படிக்க ஆசை வந்தது.

வீட்டில் "பேங்க் பரீட்சைக்குப் படி" என்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் "பிளாண்ட் பிரீடிங் (பயிர் ரகங்களை உருவாக்கும் படிப்பு) எடு, விதைக் கம்பெனியில் வேலை கிடைக்கும்" என்கிறார்கள். "இலையை போட்டோ எடுத்தால் செல்போன் செயலியே நோயைச் சொல்லிவிடுகிறது, இதற்கு எதற்கு ரெண்டு வருஷம்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள் ஐயா, இதைப் படிக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

படியுங்கள். உங்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன். நானும் இதே துறையில் படித்தவன்தான். மதிப்பெண் கணக்கில் கிடைத்தது என்று சேர்ந்தவர்களையும், ஒரு வயலைப் பார்த்து மனம் பொறுக்காமல் சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினர்தான் இதில் நிலைத்தார்கள்.

முதலில் உங்கள் நண்பரின் கேள்வி. செயலி பார்ப்பது அறிகுறியை. நெல்லில் குலைநோயின் கண் வடிவப் புள்ளி மாதிரி தெளிவான அடையாளம் உள்ள நோயை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். அது விவசாயிக்கு நல்ல உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென்னையில் ஓலை மஞ்சளாவதற்கு எத்தனை காரணங்கள்! மக்னீசியம் போதாவிட்டாலும் மஞ்சளாகும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும், தஞ்சாவூர் வாடல் வந்தாலும், கேரள வேர்வாடல் வந்தாலும் மஞ்சளாகும். போட்டோவில் இவை நாலும் ஒன்றுபோலவே தெரியலாம். செய்ய வேண்டிய காரியமோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

தஞ்சாவூர் வாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் பெரிதாகத் தெரியவந்ததால் அந்தப் பெயர். கேனோடெர்மா என்ற பூஞ்சை மண் வழியாக வந்து வேரையும் அடிமரத்தையும் அழுகவைக்கிறது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும். இதற்கு மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையை ஒரு சதவீத அளவில் மரத்துக்கு 40 லிட்டர் ஊற்றுவது, வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு வைப்பது, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவது என்று வழிகள் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பக்கத்து மரங்களைக் காப்பாற்றிவிடலாம்.

வேர்வாடலின் கதை வேறு. 1882 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட நோய் அது. இந்தியப் பயிர் நோயியலுக்கு அடித்தளம் போட்ட இ.ஜே. பட்லர் திருவிதாங்கூருக்கே போய் ஆராய்ந்து 1908-ல் அறிக்கை எழுதினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண் சத்து என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துச் சோதித்தார்கள். 1980களில்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மரத்தின் சாறு ஓடும் குழாய்களில் ஃபைட்டோபிளாஸ்மா தெரிந்தது. செல் சுவர்கூட இல்லாத மிக நுண்ணிய உயிர். அதைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் போவது வேருக்குச் சம்பந்தமே இல்லாத, ஓலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள். ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது பாருங்கள்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தரும் இடம் ஒன்று உண்டு. நோய்க்கிருமி எது என்று நிரூபிக்க ராபர்ட் காக் வகுத்த விதிகளை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். நோயுற்ற செடியிலிருந்து கிருமியைப் பிரி, தனியாக வளர்த்தெடு, நல்ல செடியில் செலுத்து, அதே நோய் வருகிறதா பார், மறுபடி அதே கிருமியைப் பிரித்துக் காட்டு. பரீட்சைக்கு இது ஐந்து மார்க் கேள்வி. ஆனால் வேர்வாடல் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியவில்லை என்றால் என்ன செய்வது? நோயுள்ள மரங்களில் எல்லாம் அது இருக்கிறதா, நல்ல மரங்களில் இல்லையா, பூச்சியை விட்டுக் கன்றுக்குப் பரப்ப முடிகிறதா, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்தினால் அறிகுறி கொஞ்ச காலமாவது தணிகிறதா என்று பல பக்கத்திலிருந்தும் சாட்சி சேர்த்தார்கள். உங்கள் இரண்டு வருடப் படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. காரணம் இதுதான் என்று சொல்ல என்ன ஆதாரம் வேண்டும், எது போதாது, எப்போது "இன்னும் தெரியாது" என்று சொல்ல வேண்டும் என்ற பயிற்சி அது. உங்கள் தோப்புக்கு வந்து ஆளுக்கொரு காரணம் சொன்னவர்களில் ஒருவரிடமாவது அந்தப் பயிற்சி இருந்திருந்தால் உங்கள் அப்பாவின் பணம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம், கடிதத்தை வைத்து உங்கள் தோப்பில் இருப்பது என்னவென்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். வேர்வாடல்தான் என்று தெரிந்தால் அதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மோசமான, காய்ப்பே இல்லாத மரங்களை எடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு உரமும் தண்ணீரும் ஒழுங்காகக் கொடுத்து, கேரளத்தின் காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ போன்ற தாங்கும் ரகங்களை நடுவதுதான் வழி. மருந்தில்லை என்று தெரிவதும் ஒரு விவசாயிக்கு லாபம்தான். கடைக்காரர் கொடுக்கும் அடுத்த பாட்டிலை வாங்காமல் இருப்பார்.

இலங்கையிலும் இப்படி ஒன்று நடந்தது. நம் ஆட்கள் இங்கிருந்து கடல் தாண்டிப் போய் உழைத்த காபித் தோட்டங்களில் 1869-ல் இலைத்துரு நோய் தெரிந்தது. 1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளைஞரை அங்கே அனுப்பினார்கள். உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். இரண்டு வருடம் இருந்து, இலையின் அடியில் தெரியும் அந்த ஆரஞ்சுப் பொடி பூஞ்சையின் வித்துகள், காற்றில் பறந்து வந்து ஈரமான இலையில் முளைத்து உள்ளே நுழைகின்றன என்று படிப்படியாகக் காட்டினார். மலை மலையாகக் காபியை மட்டுமே நட்டதுதான் நோய்க்குத் தீனி என்றும் சொன்னார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது மருந்தை. அது அவரிடம் இல்லை. போர்டோ கலவையே 1885-ல்தான் வந்தது. காபி போய்த் தேயிலை வந்தது, கூலிகளாகப் போன குடும்பங்களின் வாழ்க்கையும் அதோடு மாறியது. ஆனால் வார்டு செய்த வேலை பிறகு துரு நோய்களை ஆராய்ந்த எல்லோருக்கும் வழியாக இருந்தது.

பிளாண்ட் பிரீடிங் நல்ல படிப்பு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது வேறு, இது வேறு என்று நினைக்க வேண்டாம். பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக் இளங்கலையில் படித்தது வனவியல். முதுகலையும் முனைவர் பட்டமும் பயிர் நோயியலில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். கோதுமையின் துரு நோயோடு மல்லுக்கட்டப் போய்த்தான் ரகங்களை உருவாக்குபவர் ஆனார். நம் பக்கத்திலும் பாருங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் நிலையத்தில் உருவான கோ 0238 ரகம் 2009-ல் வெளிவந்து உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. விளைச்சலும் சர்க்கரைச் சத்தும் அப்படி. இப்போது அதே ரகம் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய்க்குப் பலியாகிக்கொண்டிருக்கிறது. பூஞ்சையும் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதை வருடா வருடம் கவனிக்க ஆள் வேண்டும், அந்த வேலை நோயியல் படித்தவருடையது.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேளாண் அலுவலர் தேர்வும் வங்கித் தேர்வும் இந்தப் படிப்புக்குப் பிறகும் உங்களுக்குத் திறந்தேதான் இருக்கும். வீட்டில் அதைச் சொல்லுங்கள். விதைக் கம்பெனிகளுக்கும் ரகங்களின் நோய் எதிர்ப்பைச் சோதிக்க ஆள் தேவை. வேளாண் அறிவியல் நிலையங்கள், உயிரியல் மருந்து தயாரிப்பவர்கள், சென்னை மீனம்பாக்கத்தில் உள்ளது மாதிரியான தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆசிரியர் பணியோ ஆராய்ச்சியோ வேண்டும் என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் முனைவர் பட்டமும் தேவைப்படும், அதற்கு இன்னும் சில வருடங்கள் ஒதுக்க வேண்டும். சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் அதையும் நேர்மையாகக் கணக்கில் எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படிப்பு சுலபமாக இருக்காது. பூஞ்சைப் பெயர்கள் ஒரு பக்கம், அவை அடிக்கடி மாறுவது இன்னொரு பக்கம். ஒரு வாரம் காத்திருந்து பெட்ரி தட்டைத் திறந்தால் நீங்கள் வளர்த்த பூஞ்சைக்குப் பதில் எங்கிருந்தோ வந்த பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும். மறுபடி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இருந்து ஆரம்பிக்க வேண்டும். பானைச் செடிகளில் செலுத்திய நோய், வெயில் ஏறினால் வராமலே போகும். புள்ளியியல் வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சோதனைக்கு நாலு சிகிச்சை, ஒவ்வொன்றையும் மூன்று முறை திரும்பச் செய்வது என்று எந்திரத்தனமாகப் போட்டுவிட்டு, கடைசியில் என்ன கேள்வி கேட்டோம் என்றே தெரியாமல் ஆய்வேடு எழுதுபவர்கள் நிறைய. சனி, ஞாயிறில் வயலுக்குப் போங்கள். நெல்மணிகள் பூஞ்சை உருண்டைகளாக மாறும் நெற்பழ நோயைச் சில ஊர்களில் லட்சுமி நோய் என்பார்கள், நல்ல விளைச்சல் வருடத்தில் வருவதால். ஈரமும் தழைச்சத்தும் கூடினால் அது வரும் என்று பாடத்தில் படிப்பதை, விவசாயிகள் அந்தப் பெயரிலேயே கவனித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வகத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆய்வுத் தலைப்பு எடுக்கும்போது வேர்வாடலையே முழுதாகத் தீர்த்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம், இரண்டு வருடத்தில், அதிலும் பாடங்கள் போக மிஞ்சும் நேரத்தில், அது முடியாது. அதில் ஒரு துண்டைப் பிடியுங்கள். உதாரணமாக, ஒரே தோப்பில் பரப்பும் பூச்சிகள் எந்த மாதத்தில் எவ்வளவு இருக்கின்றன, அப்போது அறிகுறியே தெரியாத மரங்களில் எத்தனையில் பிசிஆர் சோதனை (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிப்பது) கிருமியைக் காட்டுகிறது என்பது போன்ற ஒரு கேள்வி. சேர்வதற்கு முன்பே அந்தத் துறையின் மூத்த மாணவர்களிடம் பேசி, எந்த வழிகாட்டி மாணவர்களை வயலுக்கு அனுப்புகிறார், யாரிடம் அதற்கான திட்ட நிதி இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.