அதிகம் அறியப்படாத, ஆனால் அவசியம் நினைவுகூர வேண்டிய ஓவியர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

ரே ஜான்சன். கடிதம் எழுதுவதையே கலையாக்கிய மனிதர். பல வருடங்களாக இவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1927 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தார். பிளாக் மவுன்டன் கல்லூரியில் ஜோசப் ஆல்பர்ஸிடம் ஓவியம் பயின்றார். பிறகு நியூயார்க் வந்து, பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிச் சின்னச் சின்னப் படங்கள் செய்தார். அவற்றுக்கு 'மோட்டிகோஸ்' என்று பெயர் வைத்தார். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முகத்தை எடுத்து அவர் வேலை செய்தது 1950களில். பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் பிரபலங்களின் முகங்களைத் தொடுவதற்குச் சில வருடங்கள் முன்பே. அந்தப் படங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு தெருவோரத்திலும் ரயில் நிலையத்திலும் முன்பின் தெரியாதவர்களிடம் காட்டி, 'என்ன தோன்றுகிறது?' என்று கேட்பாராம்.

ஆனால் அவருடைய உண்மையான சாதனை தபாலில்தான் இருக்கிறது. ஒரு தாளில் ஏதாவது வரைந்தோ ஒட்டியோ ஒருவருக்கு அனுப்புவார். கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: இதில் எதையாவது சேர்த்து ரே ஜான்சனுக்குத் திருப்பி அனுப்புங்கள். சில சமயம் இன்னொருவரின் முகவரியைக் கொடுத்து, அவருக்கு அனுப்பி வைக்கச் சொல்வார். முன்பின் அறியாத இரண்டு பேர் இப்படி ஒரு தாளால் அறிமுகமாகிவிடுவார்கள். அந்தத் தாளில் எது யாருடைய வேலை என்று பிரிக்கவே முடியாது. விலை கிடையாது, கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. இந்த வலைப்பின்னலுக்கு 'நியூயார்க் கடிதப் போக்குவரத்துப் பள்ளி' என்று பெயர். ஆங்கிலப் பெயரில் Correspondence என்பதை வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி Correspondance என்று எழுதுவார். கடிதப் போக்குவரத்து என்ற சொல்லுக்குள்ளிருந்து 'dance', அதாவது நடனம், எட்டிப் பார்க்கும்.

அவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு முயல் தலை. நீண்ட இரண்டு காதுகள், வட்டக் கண்கள், கீழே இறங்கும் நீள மூக்கு. பள்ளி வகுப்புப் புகைப்படம்போல வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒருவர் பெயரை எழுதியிருப்பார். எல்லாம் ஒரே முகம். பெயர் மட்டும் வேறு. பெரிய ஓவியரும் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே சரிசமம்.

1968 ஏப்ரல் 1 அன்று இந்தப் பள்ளியின் முதல் கூட்டத்தைக் கூட்டினார். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி என்று எதுவுமே இல்லை. வந்ததும் பார்த்ததும்தான் கூட்டம். 1970 இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இந்தப் பள்ளிக்குக் கண்காட்சி வைத்தபோது, தன் படங்களை அவர் மாட்டவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, அருங்காட்சியகத்துக்கு நேராக அனுப்பச் சொன்னார். வந்த தபாலெல்லாம் சுவருக்குப் போனது. தன் பெயரை நிலைநாட்டக் கிடைத்த மேடையை இப்படி நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்த மனசை நான் வேறெங்கும் கண்டதில்லை.

படம் வாங்குகிறவர்களிடமும் இதே விளையாட்டுத்தான். ஓர் ஓவியர் ஒரு படத்துக்குக் கால் பங்கு விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறார். படம் வந்து சேர்ந்தது, கால் பங்கு வெட்டி எடுக்கப்பட்டு.

வார்ஹால் சுடப்பட்ட 1968 ஜூன் 3 அன்றே ஜான்சனைக் கத்திமுனையில் வழிப்பறி செய்தார்கள். அதன்பின் நகரத்தை விட்டு லாங் ஐலண்டுக்குப் போய், கடைசிவரை லோகஸ்ட் வேலி என்ற சிற்றூரில் தனியாக வாழ்ந்தார். தபால் மட்டும் நிற்கவில்லை. கடைசி மூன்று ஆண்டுகளில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கேமராக்கள் 137 வாங்கி, தான் அட்டையில் வெட்டிய உருவங்களைக் கடற்கரையிலும் வாசற்படியிலும் வைத்துப் படம் எடுத்துத் தள்ளினார்.

1995 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. சாக் ஹார்பர் பாலத்திலிருந்து நீரில் குதித்து இறந்தார். வயது 67. அன்றிலிருந்து பலர் தேதியையும் வயதையும் அன்று அவர் எடுத்திருந்த விடுதி அறையின் எண்ணையும் கூட்டிக் கூட்டிப் பதின்மூன்று கண்டுபிடித்து, மரணம்தான் அவருடைய கடைசிப் படைப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அதற்குள் ஒரு மனிதனின் துயரம் இருந்திருக்கும். அதைப் புதிராக்கி ரசிப்பது நியாயமில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாக அவர் நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டிய உறைகளைப் பற்றிப் பேசலாமே.

அவரைப் படித்த சூட்டில் ஐம்பது பைசா அஞ்சலட்டை ஒன்று வாங்கி, முயல் தலை வரைந்து, 'எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு' என்று எழுதித் திருநெல்வேலியில் இருக்கும் நண்பனுக்குப் போட்டேன். பதினோரு நாள் கழித்து, மறுபடி முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி அந்த அட்டை திரும்பி வந்தது. அவன் ஒன்றும் சேர்க்கவில்லை. அவன் அம்மா சேர்த்திருந்தார். முயலைச் சுற்றி ஊதா மையில் புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம். ஓரத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டு. அதன் கீழே, 'தம்பி, முயலுக்கு மீசை மறந்துவிட்டாய். போட்டுவிட்டேன்' என்று நுணுக்கி எழுதியிருந்தார். இடது காதின் மேல் தபால் முத்திரை விழுந்து பாதி கலங்கியிருந்தது.

அந்த அம்மாவுடன் நான் அதுவரை இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இப்போது மாதம் ஓர் அட்டை வருகிறது. இந்த மாதத்து முயலை வரைந்து முடித்துவிட்டேன். எங்கள் தெருப் பெட்டியில் தபால் எடுக்க மாலை நான்கரைக்கு வருவார்கள்.