லைசென்ஸ் கீ கணினிக்குள் மட்டும் இருந்தால் அது பத்திரமாக இருப்பதாகாது

“வாங்கிய மென்பொருள்களின் லைசென்ஸ் கீகளை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். அப்பா நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறார். இந்தக் காலத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்கிறேன். உங்கள் அப்பா சொல்வதே சரி.

வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸ், ஆபிஸ், ஒரு ஆன்டிவைரஸ், மிஞ்சிப்போனால் கணக்கு எழுத ஒரு மென்பொருள். இதற்குப் போய் நோட்டா என்று தோன்றும். கீ என்பது மென்பொருளைப் போடும்போது அது கேட்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை; அது தேவைப்படும் நாள் எது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கணினி நன்றாக ஓடும் நாளில் அதை யாரும் கேட்பதில்லை. கணினி செத்துப்போன நாளில்தான் கேட்பார்கள். அன்று உங்கள் டெஸ்க்டாப் எங்கே இருக்கும்?

எங்களுக்குச் செங்கோட்டையில் அச்சகம். அப்பா ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தொடங்கியது. மலை தாண்டினால் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்பதால் கல்யாண அழைப்பிதழ் தமிழிலும் வரும், மலையாளத்திலும் வரும். ஒரே அழைப்பிதழில் இரண்டும் கேட்பவர்களும் உண்டு. கணினி வந்த பிறகு அப்பா அச்சுக் கோப்பதை விட்டார். கையெழுத்துப் பிரதியை எழுத்து எழுத்தாகப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. எந்த மென்பொருள் வாங்கினாலும் அதன் கீ, பில் எண், தேதி, விற்றவர் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீளமான லெட்ஜர் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதுவார். பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான பி வந்தால் அடியில் “பம்பாய்” என்றும், பதினாறாம் எழுத்தான பி வந்தால் “பாட்னா” என்றும் எழுதுவார். நம் வாயில் இரண்டும் ஒன்றாகத்தானே வருகின்றன. டெல்லி டி, திருச்சி டி என்பதும் அப்படித்தான். தொலைதூர அழைப்பைப் பதிவு செய்து காத்திருந்த டிரங்கால் காலத்தில் பழகியதாம். கடைக்கு வரும் இளைஞர்கள் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை; அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2019 ஐப்பசியில் ஒரு சாயங்கால இடியில் மதர்போர்டு போய்விட்டது. அந்த மாதத்தில் மலையோரத்தில் இடி எப்படி இறங்கும் என்பது எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க் தப்பித்தது. வேறு போர்டு போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்ற ஒரு தம்பி வந்தார். ஆர்வமான பையன், குறை சொல்லவில்லை. பழைய டிஸ்கை மாட்டி, கீ கண்டுபிடிக்கும் ஒரு சிறு மென்பொருளை ஓட்டி, வந்த கீயைத் துண்டுச் சீட்டில் எழுதி, “இதோ அக்கா, உங்கள் கீ கிடைத்துவிட்டது, நோட்டெல்லாம் வேண்டாம்” என்றார். போட்டார். ஏற்கவில்லை. மறுபடி போட்டார். ஏற்கவில்லை.

அப்பா சீட்டை வாங்கி நோட்டோடு ஒப்பிட்டார். கடைசி ஐந்து எழுத்தே வேறு. சீட்டில் 3வி66டி (திருச்சி டி) என்று முடிந்தது. அது எங்கள் கீயே அல்ல என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. நாங்கள் வாங்கியது விண்டோஸ் 7 புரொஃபஷனல், கணினியோடு வராமல் தனியாக விற்கும் பெட்டி. 2016இல் இலவசமாக 10க்கு மாறினோம். அப்படி மாறிய கணினிகளில் உரிமம் அந்த மதர்போர்டின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகிவிடும். கணினிக்குள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கீதான் உட்கார்ந்திருக்கும். 3வி66டி என்று முடிவது 10 புரோவின் பொதுக் கீ. உலகத்தில் எத்தனையோ கணினிகளில் அதே கீ இருக்கிறது. அதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது. கணினிக்குள்ளேயே தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியைத் தேடினோம். பரணில் கரையான் தின்றது போக மிச்சம் மட்டைதான் இருந்தது. நோட்டில் இருந்த 7இன் கீயைப் போட்டோம். அப்போது 10 அதை ஏற்றுக்கொள்ளும். போர்டு மாறியதால் தொலைபேசி வழியாக உறுதி செய்யச் சொன்னது. திரையில் வந்த எண்களைக் குழு குழுவாகச் சொல்லி, அவர்கள் சொன்ன எண்களைத் திருப்பிப் போட்டதும் விண்டோஸ் முடிந்தது.

அடுத்தது மலையாள எழுத்துரு மென்பொருள். தென்மலை வீட்டாரின் விருச்சிக மாதக் கல்யாணம், அழைப்பிதழ் அந்த வாரமே வேண்டும். விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால் இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. மலையாள எழுத்தையே விற்கிறவர்கள்! தென்னாட்டு எழுத்துகளை விற்றுப் பணம் வாங்கும்போது அந்த மொழியில் பேச ஒரு ஆளை வைக்க வேண்டாமா? சொல்ல வந்தது இதுவல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் ஆங்கிலம் கேட்டு அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அப்பா நோட்டை எடுத்து, பம்பாய், டெல்லி, பாட்னா என்று நிதானமாக வாசித்தார். ஒரு எழுத்தைக்கூட அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. பில் எண் கேட்டார்கள், நோட்டில் இருந்தது. தேதி கேட்டார்கள், அதுவும் இருந்தது. அழைப்பிதழ் சொன்ன நாளில் போனது.

இதைப் படித்துவிட்டு, பாஸ்வேர்டு மேலாளர் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன். கீபாஸ் பயன்படுத்துகிறேன், அதன் கோப்பு ஒரு பென் டிரைவிலும் வேறொரு கணினியிலும் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் திறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் ஊரில் இல்லாத நாளில் கடையில் இருக்கும் பெண் நோட்டைப் பிரித்து வாசித்துவிடுவாள். நோட்டு திருடு போனால் என்று கேட்பவர்களுக்கு: வங்கிக் கடவுச்சொல்லை அதில் எழுதச் சொல்லவில்லை. லைசென்ஸ் கீயைத் திருட வீடு ஏறுபவனை நான் பார்த்ததில்லை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் மட்டும் விதிவிலக்கு. அது டிஸ்கையே திறக்கும் எண், அதை லேப்டாப் பையில் வைக்காதீர்கள். தனியாகப் பூட்டி வையுங்கள். ஆனால் கட்டாயம் வையுங்கள், போர்டு மாற்றினால் முதலில் கேட்பது அதைத்தான். காசு கொடுத்து ஏன் வாங்குகிறீர்கள், லிப்ரே ஆபிஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: கடிதமெல்லாம் அதில்தான் அடிக்கிறேன். அச்சுப் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கோப்பு, அதில் திறந்தாலும் எங்கள் வேலைக்கு ஒத்துவராது.

இனி நீங்கள் கேட்ட டெக்ஸ்ட் கோப்பு. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நோட்பேடிலேயே வையுங்கள். எக்செலில் போடாதீர்கள். இடையில் கோடு இல்லாத 24 இலக்க எண்ணை எக்செல் கட்டத்தில் ஒட்டினால் முதல் 15 இலக்கத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் தின்றுவிடும். அதற்குப் பிறகு மீட்க வழியில்லை. எக்செல்தான் வேண்டும் என்றால் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பில் கீயை ஒட்டினால் எஃப் என்பது ‘கு’ ஆகவும், கே என்பது ‘மு’ ஆகவும், ஜே என்பது ‘து’ ஆகவும் தெரியும். கீ கெட்டுவிட்டதாகப் பதறி அழித்தவர்களை எனக்குத் தெரியும். அழிக்க வேண்டாம், தேர்வு செய்து எழுத்துருவைக் கன்சோலாஸுக்கு மாற்றினால் பழையபடி வரும். கன்சோலாஸில் பூஜ்யத்துக்குள் கோடு இருக்கும், ஓவோடு குழம்பாது.

மங்கிய ஸ்டிக்கரைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்றால் இது உதவும்: விண்டோஸின் 25 எழுத்துக் கீயில் பூஜ்யம், 1, 5 வராது, ஏ, இ, ஐ, எல், ஓ, எஸ், யூ, இசட் ஆகிய எழுத்துகளும் வராது. ஓ போலத் தெரிவது க்யூவாகவோ டெல்லி டியாகவோ இருக்கும். 8உம் பம்பாய் பியும், 6உம் ஜியும்தான் கண்ணை ஏமாற்றும். ஆபிஸ் 2013 முதல் கணினியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துதான் தங்கும், ஆகவே அதைப் பிறகு தேடி எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் என்றால், 8 காலம் முதல் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். போர்டு போனால் கூடவே போகும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கேள்வி வந்தால் அதுதான் சான்று.

பில்லைப் பற்றி அச்சுக்காரியாக ஒன்று. கடைகளில் தரும் பளபளப்பான தெர்மல் பில் சில ஆண்டுகளில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்தது சாரல் காலத்து ஈரத்தில் கசியும், லேசரில் எடுத்தது கசியாது. ஆனால் அதை மெத்தென்ற பிவிசி உறைக்குள் போடாதீர்கள், எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சாதாரணக் காகித உறை போதும்.

கடைசியாக, கணக்கு மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்றால் அது எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே உள்ளே போய்ப் பாருங்கள். எங்களுக்கு விற்ற ஒருவர் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்திருந்தார். காசு எங்களுடையது, ஓடிபி அவருக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்பா நேரில் போய் உட்கார்ந்து, எங்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் எழுந்தார். உங்களுடையதும் அப்படி இருந்தால் விற்றவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மாற்றச் சொல்லுங்கள்.