மோட்டார்ஹோமில் ஹாம் ரேடியோ: ஆன்டெனாவுக்குக் கூரை சரியான இடமா?

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் வாசகர் ஒருவரின் கேள்வி: "படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். கூரை ஃபைபர்கிளாஸ். நானும் மனைவியும் மாதக்கணக்கில் ஊர் சுற்றப் போகிறோம். என்னிடம் 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) ரேடியோ ஒன்றும், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகளுக்கான (அலைநீளத்தால் பெயர் பெற்ற அலைவரிசைப் பகுதிகள்) சின்ன ரேடியோ ஒன்றும் இருக்கின்றன. வண்டியில் வைத்துப் பார்த்தால் 40 மீட்டர் பேண்டில் எஸ்-8 அளவுக்கு இரைச்சல். கூப்பிட்டாலும் யாரும் பதில் சொல்வதில்லை. கூரையில் எந்த ஆன்டெனாவைப் பொருத்தலாம்? வண்டியின் பேட்டரி தாங்குமா? நான் பேசும்போது பக்கத்து வண்டிக்காரர்களுக்குத் தொந்தரவு வருமா?"

கூரையில் துளை போடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எச்.எஃப். பேண்டுகளில் உங்கள் வண்டிதான் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் இரைச்சல் மூலம். ஆன்டெனாவை அதன் தலையிலேயே நட்டுவைத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பயன் குறைவு. ஓடும்போது ஓர் ஏற்பாடு, நிறுத்தி முகாமிட்ட பிறகு வேறொரு ஏற்பாடு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசப் போகும் நேரத்தில் பெரும்பகுதி வண்டி நிற்கும் நேரம்தானே.

எஸ்-மீட்டர் என்பது ரேடியோவில் வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் அளவி. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 6 டெசிபல் வித்தியாசம். எஸ்-8 இரைச்சலை எஸ்-3க்கு இறக்கினால் 30 டெசிபல் குறைகிறது, அதாவது இரைச்சலின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எஸ்-5இல் வருகிற குரல்கள் இப்போது உங்கள் காதில் விழவே விழாது. அப்போது தெளிவாக விழும். மாறாக, ஆம்ப்ளிஃபயர் வாங்கி 100 வாட்டை 400 ஆக்கினால் எதிர்முனையில் ஒரே ஒரு புள்ளி ஏறும். உங்களுக்குக் கேட்பது அப்படியேதான் இருக்கும். யாரும் பதில் சொல்வதில்லை என்கிறீர்கள். சொன்ன சிலரின் பதில் இரைச்சலுக்குள் புதைந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே முதல் வேலை துப்பறிவது. ரேடியோவைத் தனி பேட்டரி ஒன்றில் இயக்குங்கள். 40 மீட்டரில் யாரும் பேசாத அலைவரிசை ஒன்றில் ரேடியோவை வைத்து, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். இன்வெர்ட்டரை அணையுங்கள். அப்புறம் 12 வோல்ட் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். எந்த ஃபியூஸில் முள் சட்டென்று விழுகிறதோ அந்தக் கம்பியின் மறுமுனையில் குற்றவாளி இருக்கிறது. பெரும்பாலும் அகப்படுபவை பேட்டரி சார்ஜர், இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்குகளுக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, அப்புறம் சோலார் கன்ட்ரோலர். பேனலிலிருந்து இறங்கும் நீண்ட கம்பிகள் ஆன்டெனா போலவே வேலை செய்வதால் கடைசியாகச் சொன்னது கொஞ்சம் தந்திரக்காரன். இரவில் சோதித்தால் அது தூங்கிக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. வெயில் இருக்கும்போது ஒருமுறை பாருங்கள். அதைத் துண்டிக்கும்போது முதலில் பேனலைக் கழற்ற வேண்டும், பிறகுதான் பேட்டரி. மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம்.

குற்றவாளி அகப்பட்டால் எளிய தீர்ப்பு, பேசும் நேரத்தில் அதை அணைத்துவைப்பது. சோலார் பேனலுக்கு ஒரு சுவிட்ச் போட்டுவிட்டால் மாலையில் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறாததால் குடி முழுகிவிடாது. அணைக்க முடியாத கருவிகளுக்கு ஃபெரைட், அதாவது கம்பியில் ஓடும் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம். எச்.எஃப். பேண்டுகளுக்கு 31 என்ற எண்ணுள்ள கலவையைக் கேட்டு வாங்குங்கள். கம்பியின் மேல் ஒரு வளையத்தைக் கிளிப் மாதிரி மாட்டிவிட்டு "ஃபெரைட் போட்டும் பிரயோஜனமில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. எத்தனை சுற்று சுற்றுகிறோமோ, தடுக்கும் திறன் கிட்டத்தட்ட அந்த எண்ணின் வர்க்கமாக ஏறும். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று போதாது. பெரிய வளையமாக வாங்கிக் கம்பியை ஏழெட்டு முறை அதற்குள் நுழைத்துச் சுற்றுங்கள்.

சரி, ஆன்டெனாவுக்கு வருவோம். முகாமிட்ட பிறகு உங்களுக்குத் தேவை ஒரு கம்பி, ஒரு ஃபைபர்கிளாஸ் கம்பம், கொஞ்சம் கயிறு. நீட்டி மடக்கக்கூடிய 7 முதல் 10 மீட்டர் கம்பங்கள் கிடைக்கின்றன. அடிப்பகுதியை வண்டியின் பின்பக்க ஏணியில் கட்டலாம் என்றாலும், டயர் ஏறி நிற்கும் தகட்டுடன் வரும் தாங்கியில் நிறுத்துவது இன்னும் உறுதி. 40 மீட்டர் பேண்டுக்கு அரை அலைநீளக் கம்பி சுமார் 20 மீட்டர். (143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும், வெட்டும்போது கொஞ்சம் கூடுதலாக விட்டு, பிறகு குறையுங்கள்.) அதன் நடுவை கம்பத்தின் உச்சியில் கட்டி இரு முனைகளையும் கூடாரக் கயிறு போலச் சரித்து இழுத்தால் தலைகீழ் 'வி' தயார். இந்த உயரத்தில் 40 மீட்டர் அலைகள் செங்குத்தாக மேலே போய், மேலிருந்து மழை போல இறங்கும். சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களோடு பேச அதுதான் வேண்டும். கண்டம் தாண்டிப் பேச ஆசையென்றால் பகலில் 20 மீட்டர் பேண்டுக்குப் போங்கள். அங்கே கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி வெறும் 5 மீட்டர்தான். தரையில் சில கம்பிகளை ஆரம் ஆரமாக விரித்துவிட்டால் அழகாக வேலை செய்யும்.

இடம் குறுகலாக இருக்கும் நாட்களுக்கு முனையில் ஊட்டும் (அதாவது கேபிளை நடுவில் இல்லாமல் ஒரு முனையில் இணைக்கும்) அரை அலைநீள ஆன்டெனாவை நான் சிபாரிசு செய்வேன். ஒரு முனையில் கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து 20 மீட்டர் கம்பி, மறுமுனை கம்பத்தின் உச்சி. ஒரே கம்பியில் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் நான்கும் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: டிரான்ஸ்ஃபார்மரை வண்டியின் சுவரில் தொங்கவிடாமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். எச்.எஃப்.இல் 15 மீட்டர் சாதாரண கோஆக்ஸ் கேபிளில் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் உறையிட்ட கேபிள்) வீணாவது 40 மீட்டர் பேண்டில் ஒரு டெசிபலுக்கும் குறைவு. இரைச்சலிலிருந்து தப்பிப்பதில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பல மடங்கு. அந்த கோஆக்ஸை ரேடியோ பக்கம் வரும் முன் 31 கலவை வளையம் ஒன்றில் பத்து சுற்று சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் கேபிளின் வெளி உறையே ஆன்டெனாவின் பகுதியாகி, தள்ளி வைத்த இரைச்சலைத் திரும்ப உள்ளே இழுத்துவந்துவிடும். முனையில் ஊட்டும் ஆன்டெனாவில் ஊட்டும் இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகம், தொட்டால் சுடும். குழந்தைகளும் நாய்களும் நடமாடும் இடம் என்றால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கயிறுகளில் பளிச்சென்ற ரிப்பன் கட்டுங்கள். மேலே மின்கம்பி போகிற இடத்தில் கம்பமே வேண்டாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருந்தால்தான் தூக்குங்கள். மரத்தில் கயிறு கட்ட அனுமதிக்காத முகாம்களும் உண்டு, அதனால் கம்பம் கையில் இருப்பது எப்போதும் நல்லது.

இனி ஓடும்போது. 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் ரேடியோ இங்கே ராஜா. ஆனால் ஃபைபர்கிளாஸ் கூரையில் காந்த ஆன்டெனா ஒட்டாது, ஒட்டினாலும் அதன் கீழே உலோகத் தளம் இல்லாததால் சரியாக வேலை செய்யாது. ஒன்று, உலோகத் தளம் தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவை வாங்குங்கள். அல்லது வண்டியின் முன்பக்க பானெட் உலோகமாக இருந்தால் அதன் ஓரத்தில் தாங்கி வைத்துப் பொருத்துங்கள். கூரையில்தான் வேண்டும் என்றால் அடியில் ஒரு மீட்டர் விட்டத்துக்கு உலோகத் தகடு வேண்டும். 2 மீட்டர் பேண்டில் கால் அலைநீளம் சுமார் அரை மீட்டர் என்பதால் அந்தக் கணக்கு. இங்கே கேபிள் விஷயத்தில் தாராளம் கூடாது: 70 சென்டிமீட்டரில் மெல்லிய கோஆக்ஸ் 15 மீட்டர் போட்டால் பாதிக்கு மேல் சக்தி கேபிளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். எந்த ஆன்டெனா ஆனாலும் அதன் உச்சிவரை வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாலத்தின் அடியில் போய்க் கணக்குப் போட முடியாது.

போகும் வழியில் உள்ள ரிப்பீட்டர்களின் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையங்கள்) அலைவரிசை, அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு இடையேயான இடைவெளி, ரிப்பீட்டரைத் திறக்கும் சி.டி.சி.எஸ்.எஸ். டோன் எல்லாவற்றையும் கிளம்பும் முன் ரேடியோவில் ஏற்றிவிடுங்கள். ஓட்டிக்கொண்டே பட்டன் அழுத்துகிற வேலை வேண்டாம். இருக்கும் இடத்தை ரேடியோவில் தானாக அனுப்பும் ஏ.பி.ஆர்.எஸ். வைத்திருந்தால் வண்டி எங்கே போகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் வரைபடத்தில் பார்க்கலாம். அதன் அலைவரிசை வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ்.

ஓடும்போது எச்.எஃப்.உம் வேண்டும் என்று மனம் கேட்டால், 20 மீட்டருக்கு ஒரு சுருள் வைத்த விப் (சாட்டை போன்ற குச்சி) ஆன்டெனா மட்டும் போடுங்கள், அடித்தளத்தைத் தடித்த பட்டையால் சேசிஸோடு இணைத்து. 80 மீட்டரில் இரண்டரை மீட்டர் விப் வைத்தால் நீங்கள் அனுப்பும் சக்தியில் மிகச் சில சதவீதம்தான் வானத்துக்குப் போகும். மீதி சுருளையும் தரையையும் சூடாக்கும். அதற்காகச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பேட்டரி தாங்குமா என்றால், ரகத்தைப் பொறுத்தது. 100 வாட் ரேடியோ பேசும் உச்சத்தில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது ஒன்று, ஒன்றேகால் ஆம்பியர். மாலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு பேசுகிறீர்கள் என்று வையுங்கள். எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் சராசரி உச்சத்தில் பாதி என்று கொண்டால் மொத்தம் 12 ஆம்பியர்-மணி அளவில் ஆகும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இது ஒன்றுமேயில்லை. அதே அளவு ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம், அதிலும் தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் பங்கு கேட்கும். கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்.டி.8 முறையின் பிரியர் என்றால் கணக்கு மாறும். ஒவ்வொரு 15 விநாடியில் கிட்டத்தட்ட 12.6 விநாடி முழு சக்தியோடு அனுப்புவது, அடுத்த 15 கேட்பது என்று ஓடும் அது. 25, 30 வாட் தாராளமாகப் போதும். இணையம் இல்லாத இடத்தில் கணினியின் கடிகாரம் தவறிவிட்டால் எஃப்.டி.8 ஒன்றையும் பிரித்துக் காட்டாது, அதனால் நேரம் சரிசெய்ய ஒரு ஜி.பி.எஸ். ரிசீவரும் பையில் இருக்கட்டும்.

பேட்டரியைவிட அடிக்கடி கெடுப்பது மெல்லிய கம்பிதான். பல ரேடியோக்கள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரை, அதாவது 11.7 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே குரல் உடையும் அல்லது ரேடியோ அணைந்துபோகும். பேட்டரி 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக வர 10 மீட்டர் செம்புக் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.4 வோல்ட் காணாமல் போகும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் மூன்றில் ஒரு வோல்ட்தான். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சிகரெட் லைட்டர் துளையில் 100 வாட் ரேடியோவைச் செருகவே செருகாதீர்கள். வாழும் பகுதியின் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுங்கள், பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து ஒரு சொட்டும் எடுக்க வேண்டாம்.

பக்கத்து வண்டிக்குத் தொந்தரவு? அவர்களுக்கு வருமுன் உங்கள் வண்டியிலேயே தெரியும். நீங்கள் பேசும்போது விளக்கு மினுக்கினாலோ, கேஸ் கசிவு அலாரம் கூவினாலோ, மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழுந்தாலோ ஆன்டெனா மிக அருகில் இருக்கிறது, அல்லது கோஆக்ஸ் உறையில் மின்னோட்டம் திரும்பி வருகிறது. முன்னே சொன்ன தள்ளிவைப்பதும் பத்து சுற்று வளையமும் இரண்டுக்கும் மருந்து. அதன் பிறகும் போகவில்லையென்றால் 50 வாட்டுக்கு இறங்குங்கள், எதிர்முனையில் அரைப் புள்ளிதான் குறையும். இரவில் ஹெட்போன். ஜெனரேட்டரை நம்பி ரேடியோ நடத்துவதாக இருந்தால் அக்கம்பக்கத்தில் உங்கள் பெயர் கெடும், அது அலைவரிசையில் வராத இரைச்சல்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். உரிமம்: ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பான செப்ட்டின் டி/ஆர் 61-01 பரிந்துரையை ஏற்ற நாடுகளில், தகுதியான உரிமம் உள்ளவர்கள் மூன்று மாதம் வரை தனி அனுமதியின்றிப் பேசலாம், போன நாட்டின் முன்னொட்டைத் தங்கள் அழைப்புக் குறிக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு. அமெரிக்கக் கண்டங்களில் ஐ.ஏ.ஆர்.பி. என்ற அனுமதி உண்டு. உங்கள் நாடு எதிலும் இல்லையென்றால் அந்த நாட்டு அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது பேண்டின் எல்லை: 40 மீட்டர் பேண்ட் அமெரிக்கக் கண்டங்களில் 7.3 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும், ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் பொதுவாக 7.2 வரைதான்.

இடி முழங்கினால் ரேடியோவை அணைத்தால் மட்டும் போதாது. கோஆக்ஸைக் கழற்றி அதன் முனையை வண்டிக்கு வெளியே எறிந்துவிடுங்கள். மின்னல் நெருங்கும் முன்பே அதைச் செய்யுங்கள்; வந்துவிட்டால் கேபிளையோ கம்பத்தையோ தொடப் போகாமல் உள்ளேயே இருங்கள்.