வெள்ளையணு அதிகம், எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: என் தம்பிக்கு உடம்பில் 35 சதவீதம் தீக்காயம். ஒரு வாரமாக ஐசியூவில் இருக்கிறான். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று எங்களை உள்ளே விட மறுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையிலோ வெள்ளையணுக்கள் அதிகம் என்று வந்திருக்கிறது. வெந்தது தோல்தானே, ரத்தத்துக்கு என்ன ஆனது?

பதில்: இரண்டுமே உண்மைதான். அணுக்கள் நிறைய இருக்கின்றன. வேலை சரியாக நடக்கவில்லை.

தீக்காயம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் அது தோலோடு நிற்பதில்லை. வெந்த திசுக்களிலிருந்து கிளம்பும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க அழற்சியைத் தூண்டுகின்றன. எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாக வெள்ளையணுக்களை அனுப்புகிறது. அவற்றில் பல முதிராதவை. கிருமி இருக்கும் இடத்தைத் தேடிப்போகும் திறனும், விழுங்கியதைக் கொல்லும் திறனும் அவற்றுக்குக் குறைவு. இந்த அழற்சியை அடக்க உடம்பே எதிர்வேலையும் செய்கிறது. கூடவே கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன. புண்ணிலிருந்து கசியும் நீரோடு எதிர்ப்புப் புரதங்களும் வெளியேறிவிடுகின்றன.

இதை எங்களுக்கு அழகாகக் காட்டுவது தோல் ஒட்டு. இறந்தவரிடமிருந்து எடுத்த தோலை உடம்பு சீக்கிரமே நிராகரித்துவிடும். கடுமையான தீக்காயக்காரர்களிடம் அது வழக்கத்தைவிடப் பல நாள் கூடுதலாக ஒட்டியிருக்கும். அந்நியத் தோலை விரட்டக்கூட உடம்புக்குத் தெம்பில்லை!

அப்புறம் அந்தக் கருகிய தோல். அதில் ரத்த ஓட்டமே கிடையாது. வெள்ளையணுவும் போகாது, ஊசியில் போடும் ஆன்டிபயாடிக்கும் போதுமான அளவு போய்ச் சேராது. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு அது ஈரமான விருந்து. அதனால்தான் முடிந்தவரை சீக்கிரம் அதை வெட்டி எடுத்துவிட்டு, நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்த தோலை ஒட்டுகிறோம். தம்பிக்கு அது எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பார்க்க அனுமதித்தால் கையை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள். சளி, காய்ச்சல் இருப்பவர் போகவே வேண்டாம். புரதமும் கலோரியும் நிறைய தேவை, ஆனால் எதை, எவ்வளவு, எந்த வழியில் என்பதை மருத்துவக் குழு சொல்லட்டும். 38.5 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருப்பது இவர்களிடம் சகஜம், அதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அது செப்சிஸாக, அதாவது கிருமித்தொற்றால் உடம்பின் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலையாக இருக்கலாம்.