தோட்டம் கேள்வி-பதில்: கடலோரத்தில் பட்டாணி

கேள்வி: தை பிறந்ததும் மாடியில் பட்டாணி விதைத்தேன். நிறையப் பூத்தது, ஒரு காய்கூட நிற்கவில்லை. ஏன்?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பிசகியது தேதிதான். பட்டாணி குளிருக்கு உரிய பயிர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கொழிப்பது அதனால்தான். பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். தையில் போட்ட விதை மாசியில்தான் பூக்கும். அதோடு மாடித் தளத்தின் சூடு வேறு. சரி, ஐப்பசியிலேயே விதைக்கலாமே என்றால், அடைமழையில் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். மழை ஓய்கிற கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழி முதல் வாரம் வரைதான் நமக்கு வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

ரகம் குறுகிய காலத்தில் காய்ப்பதாக இருக்கட்டும். ஆர்கெல் 55-60 நாளில் முதல் பறிப்புக்கு வரும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சைத்ரா வெப்பத்தை ஓரளவு தாங்கும். கிடைத்தால் அதையே போடுங்கள்.

15 அங்குலப் பையில் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. விதையை 8 மணி நேரம் ஊறவைத்தால் போதும். ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். பைக்கு 6 விதை, ஒரு விரல்கணு ஆழம். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், வேர் அறுந்தால் செடி தேறாது. முளை வரும்வரை மேலே வலை போடுங்கள், அணில் விடாது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழுகிற இடம் நல்லது. பற்றிக் கொள்ள மூங்கிலைவிடக் கிளைத்த சவுக்கு மிளார் சௌகரியம்: மெல்லிய குச்சியைத்தான் பட்டாணியின் சுருள்கம்பி சுற்றும். சவுக்குக்கு நம் பக்கம் பஞ்சமா என்ன!

கேள்வி: மளிகைக் கடைப் பட்டாணியை விதைக்கலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முளைக்கும். ஆனால் அது பெரும்பாலும் காய்ந்த பருப்புக்கென வளர்க்கும் வயல் ரகம். காய் இனிக்காது, நாளும் கூடுதல். உறைபதனப் பட்டாணி கொதிநீரில் முக்கியெடுத்தது, முளைக்கவே முளைக்காது. இன்னொன்று: நர்சரியில் 'ஸ்வீட் பீ' என்று விற்பது பூச்செடி. அதன் விதை நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

கேள்வி: செடி தளதளவென்று இருக்கிறது, பூவே இல்லை. இலையில் வெள்ளைப் பொடி வேறு. யூரியா போட்டேன்.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. பட்டாணி வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். யூரியா போட்டால் முடிச்சு சோம்பி, செடி இலையாகவே போகும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. விதைக்கு ரைசோபியம் கலப்பதானால் பட்டாணிக்கு உரியதைக் கேட்டு வாங்கி, ஆறிய கஞ்சியில் குழைத்துப் புரட்டி அரைமணி நிழலில் உலர்த்துங்கள். நிலக்கடலைக்கென விற்கும் ரைசோபியம் பாக்கெட் இதற்கு உதவாது.

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். பகல் வறட்சியும் இரவுப் பனியும் அதற்குத் தோது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். இலை ஓரம் மட்டும் தீய்ந்திருந்தால் அது நோயல்ல, போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம். பட்டாணிக்கு உப்பு ஆகவே ஆகாது. பிடித்து வைத்த மழைநீரை இதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: எப்போது பறிப்பது?
- வாசகி, அரியாங்குப்பம்

பதில்: பூத்து மூன்று வாரத்தில். காய் உருண்டு, பளபளப்பு மங்காமல் இருக்க வேண்டும். தோல் வெளிறி நரம்பு தெரிந்தால் முற்றிவிட்டது. அதைப் பொரியலுக்கு நம்பாதீர்கள், குருமாவில் தள்ளுங்கள். கொடியை ஒரு கையால் பிடித்து மறுகையால் கிள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கொடியே வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால்தான் மேலே பூக்கும். காலையில் பறித்து, அன்றே உரித்துச் சமைப்பது உத்தமம். வெளியே கிடந்தால் இனிப்பு மாவாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ காய்க்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் பருப்பு தேறும். ஆறு பை வைத்தாலும் வருட முழுக்கச் சேமிக்கும் கணக்கெல்லாம் வேண்டாம்.

காய்ப்பு ஓய்ந்ததும் வேரோடு பிடுங்காமல் தண்டை அறுத்துவிட்டு, அதே பையில் கீரை விதையுங்கள்.